ஏலத்துக்கு வந்த பூசணிக்காய்

செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் கை கழுவும் தண்ணீர் போய்த் தேங்கும் மூலையில், ஒரு பூசணிக்காய் விளைந்தது. அதற்கென்று யாரும் உரம் போடவில்லை. ஆனாலும் அது நன்றாகப் பெருத்து, தன்னைப் போல ஒரு காய் இந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் இருந்தவை நாலு பாத்தி கீரையும் ஒரு முருங்கையும்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மதியச் சோற்றை வெட்டவெளியில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். வெயில் காலத்தில் தட்டு சுடும். மழை வந்தால் சாம்பார் ரசமாகிவிடும். அங்கே ஒரு தகரக் கூரை போட வேண்டும் என்பது எல்லோருக்கும் நெடுநாள் ஆசை. அதற்காகத் தலைமையாசிரியர் ஞானசிகாமணி போன வருஷம் ஒரு கம்பெனிக்காரரிடம் பினாயில் பாட்டில்களை வாங்கி, பிள்ளைகள் கையில் கொடுத்து, வீடு வீடாக விற்று வரச் சொன்னார்.

நல்ல மனிதர்தான். ஆனால் பாட்டில்களை அடைத்த பையை அவர் ஒரு நாள்கூடத் தூக்கிப் பார்த்ததில்லை.

ஐந்தாம் வகுப்பு பெனினா தூக்கிப் பார்த்தாள். பை தோளை இழுக்க, அவள் தெருத் தெருவாக நடந்தாள். "இப்பதாம்ட்டி ஒருத்தி வந்துட்டுப் போறா" என்று கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். கடைசியில் மிஞ்சிய பாட்டில்களை அவள் அப்பாவே வாங்கிக்கொண்டார். அவர்கள் வீட்டில் சாணி மெழுகிய தரை. பினாயிலை அதில் எங்கே ஊற்றுவது? பாட்டில்கள் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கின்றன. இவ்வளவும் செய்து, கம்பெனிக்காரருக்குப் போக மிஞ்சியதில் நாலு இரும்புக் கம்பங்கள்தான் நட முடிந்தது. கூரையில்லாமல் அவை மொட்டையாக நின்றன.

இந்த வருஷமும் ஒரு பெரிய பினாயில் பெட்டி வந்து இறங்கியது. அதைப் பார்த்ததுமே பெனினா அழுதுவிட்டாள்.

சுகிர்தா டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "சார், பிள்ளைய படிக்க வருதுவளா, யாவாரம் பண்ண வருதுவளா? கோயில் அசன விருந்துல ஏலம் போடுதோம்லா, அத இங்கயும் போட்டுப் பாப்போம்."

"ஏலம் போட நம்மகிட்ட என்ன டீச்சர் இருக்கு?"

டீச்சர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "அந்தா, ஒரு பூசணிக்கா கெடக்குல்லா."

சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சனிக்கெழம போடுங்க. கூரைக்குத் தேறலைன்னா திங்கக்கெழம பெட்டியத் தொறந்துருவேன். அப்பறம் என்னையக் கொறை சொல்லப்பிடாது."

அந்தப் பக்கத்து ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டுவார். பொருளை வீட்டுக்குக் கொண்டு போக மாட்டார். "திரும்பப் போடுங்க" என்று மேசையிலேயே வைத்துவிடுவார். அதே பொருள் மறுபடியும் ஏலத்துக்கு வரும். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். பூசணிக்காயிடம் சொல்லி வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை ஊர் கூடியது. பூசணிக்காயைக் கழுவித் துடைத்து மேசை மேல் வைத்தார்கள். மேசைக்கு அடியில் பினாயில் பெட்டி இருந்தது.

"என் விலை என் மேலேயே அச்சடித்திருக்கிறது. உன் மேல் ஒன்றையும் காணோமே?" என்று பெட்டி கேட்டது.

"என்னைப் பார்த்தாலே தெரியும்" என்றது பூசணிக்காய்.

"பார்க்கத்தானே போகிறோம். நீ விலைபோகாவிட்டால் திங்கட்கிழமை எனக்கு ஊர்வலம். நான் நடந்து போகிற ஆள் இல்லை. பிள்ளைகள் தோளில் ஏறித்தான் போவேன்."

"இரண்டு பேரும் கொஞ்சம் அசையாமல் இருங்கள். எனக்கு ஒரு கால் குட்டை" என்றது மேசை.

பலசரக்குக் கடை தங்கப்பழம் அண்ணாச்சிதான் ஏலம் கூறினார். கேட்பவர்கள் கூட்டிக்கொண்டே போக, கடைசியில் கொத்தனார் ஆசீர் பெயரில் மூன்று தரம் விழுந்தது. பூசணிக்காய்க்குப் பெருமை பிடிபடவில்லை. ஆசீர் அதை மடியில் தூக்கி வைத்து ஒரு தட்டுத் தட்டினார். பிறகு, "திரும்பப் போடுங்க அண்ணாச்சி" என்று மேசையில் வைத்துவிட்டார்.

பூசணிக்காய் திடுக்கிட்டது. "தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறாரே! எனக்குள் ஏதாவது கோளாறா?"

"இருக்கும், இருக்கும்" என்றது பெட்டி.

அடுத்து, பால் ஊற்றும் செல்லக்கனி எடுத்தாள். அவளும் திருப்பிக் கொடுத்தாள். மினிபஸ் டிரைவர் ஒருவர் எடுத்தார். அவரும் திருப்பிக் கொடுத்தார். பெண் பார்க்க வந்து, சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துபோகிறவர்களைப் போல அவர்கள் பூசணிக்காய்க்குத் தோன்றினார்கள். அதற்கு அழுகை அழுகையாக வந்தது. பிறகு கோபம் வந்தது.

"இனிமேல் ஒருவர் கைக்கும் நான் போக மாட்டேன்!" என்று அது குட்டைக் கால் இருந்த பக்கமாக ஒரு புரளு புரண்டது.

"ஏய், ஏய், அந்தப் பக்கம் வேண்டாம்!" என்று மேசை கத்துவதற்குள் பூசணிக்காய் தரையில் விழுந்து, பிளந்துபோயிற்று.

கூட்டம் எழுந்து எட்டிப் பார்த்தது. "திங்கட்கிழமை!" என்று பெட்டி முணுமுணுத்தது. பெனினா ஓடி வந்து பூசணிக்காயைத் தூக்கினாள். விரிசலை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டே அழுதாள்.

பூசணிக்காய்க்குச் சங்கடமாகிவிட்டது. "நான் உடைந்ததற்கு இந்தப் பெண் இப்படி அழுகிறாளே!"

"உனக்காக அழவில்லை. என் காலடியில் இருக்கிற பெட்டியைப் பார்த்து அழுகிறாள். போன வருஷச் சரக்கைச் சுமந்தவள் அவள்தான்" என்றது மேசை.

பூசணிக்காய் அப்போதுதான் அந்தச் சின்னத் தோளைப் பார்த்தது. எப்படியாவது மறுபடி ஒட்டிக்கொள்ள முடியாதா என்று தவித்தது. அதற்கு வெட்கமாக இருந்தது.

"காய் ஒடஞ்சிபோச்சே. இப்ப என்ன செய்ய?" என்று அண்ணாச்சி கையைப் பிசைந்தார். தலைமையாசிரியர் பெருமூச்சோடு எழுந்தார்.

"ஒடஞ்சா என்ன அண்ணாச்சி? கூறுங்க!" என்றார் ஆசீர். "முன்ன கேட்டதுக்கு ஒண்ணரை மடங்கு நான் தாரேன்!"

"ஒண்ணரைதானா? ரெண்டு மடங்கு போடுங்க எம்பேர்ல" என்றாள் செல்லக்கனி.

அதன்பிறகு அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள்; எடுத்தவர் எல்லோரும் திருப்பிக் கொடுத்தார்கள். போன வருஷம் நாயை அவிழ்த்து விட்ட வீட்டுக்காரர்கூட, பெனினா நின்ற பக்கம் பார்க்காமலே கையைத் தூக்கினார்.

"முழுசாக இருந்தபோது வராத விலை இப்போது வருகிறதே! எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்றது பூசணிக்காய்.

"உனக்கு யார் விலை கேட்டார்கள்? அவர்கள் எதைப் பார்த்துக் கேட்கிறார்கள் என்று பார்" என்றது மேசை.

பூசணிக்காய் பார்த்தது. எல்லோர் கண்ணும் அந்த நாலு மொட்டைக் கம்பங்களின் மேல் இருந்தது. முதலில் அதற்குச் சப்பென்று ஆகிவிட்டது. கொஞ்ச நேரத்தில், தன் பாரம் பாதி இறங்கியது போல நிம்மதியாகவும் இருந்தது.

"மூணு தரம்! கூரைக்குத் தேறிட்டு டீச்சர்!" என்று அண்ணாச்சி கம்மிய குரலில் கத்தினார். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் முருங்கையிலிருந்த காக்கைகள் பறந்துபோயின.

ஞானசிகாமணி சார் பெட்டியைத் திறக்கவில்லை. கம்பெனிக்கே திருப்பி அனுப்ப, தாமே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பினார். வாசலைத் தாண்டுவதற்குள் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு மறுபடி தூக்கிக்கொண்டு நடந்தார்.

சத்துணவு சமைக்கும் லில்லிபாய் அக்கா, உடைந்த பூசணிக்காயைக் கொண்டுபோய்த் துண்டு போட்டு சாம்பாரில் சேர்த்தாள். ஏலம் எடுத்தவர்களும் ஆளுக்கொரு தட்டோடு வந்து நின்றார்கள். ஆசீர் எல்லோருக்கும் முன்னால் நின்றார்.

"எக்கா, நான் எடுத்த காய்லா. ரெண்டு துண்டு கூடப் போடு."

"அது பிள்ளைய காய். அதுவளுக்குப் பின்னால போயி நில்லும்" என்றாள் லில்லிபாய்.

ஆசீர் சிரித்துக்கொண்டே போய், பெனினாவுக்குப் பின்னால் நின்றார்.