அடுப்பங்கரையில் ஓடிய எல்லை

முன்னொரு காலத்தில், ராசாக்களுக்குப் பசியும் கோபமும் சேர்ந்தே வந்துகொண்டிருந்த காலத்தில், மேழிநாட்டை விசயகண்டன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். பக்கத்துக் குன்றநாட்டை ஆண்டவன் சிங்கதேவன். இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வருஷம் சண்டை. எதற்கு என்கிறீர்கள்? விசயகண்டன் வைத்த ஒரு விருந்தில் நெய் குறைந்துவிட்டதாம். சிங்கதேவன் சாப்பிடாமலே இலையை விட்டு எழுந்துவிட்டான். அந்தச் சீமையில் ராசா அப்படி எழுந்தால் படை கிளம்பியாயிற்று என்று அர்த்தம். ஒரு கரண்டி நெய்க்கு ஊர் ஊராய் ஆண்பிள்ளைகள் செத்தார்கள். வயிறு எரிகிறதா? இருங்கள், இன்னும் இருக்கிறது.

சண்டை போட ஆள் இல்லாமல் போனதும் சமாதானம் வந்தது. பழைய வழக்கப்படி பெண் யானையை நடக்கவிட்டு, ஊர்க்காரர்களை விசாரித்துத்தான் எல்லை குறிக்க வேண்டும். அதற்கு மூன்று மாதமாவது ஆகும்.

"அதுவரைக்கும் சமாதான விருந்து ஆறிப்போகாதா?" என்றான் விசயகண்டன்.

அவனுடைய தானாபதி நாகமையன் முன்னால் வந்தான். தூது பேசுகிற உத்தியோகம். தலைக்கனத்துக்குக் குறைவில்லை. "யானை எதற்கு மகாராஜா? அடியேனுக்கு ஒரு நொடி போதும்" என்று நாட்டை வரைந்த துணியை விரித்தான். தச்சனுடைய காவி நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஒரு சுண்டு சுண்டினான். கோடு விழுந்தது. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். மருதங்குளம் என்ற ஊர் அந்தத் துணியிலேயே இல்லை.

ஆனால் கோடு அந்த ஊருக்கு நடுவில்தான் போயிற்று. ஏரி மேழிநாட்டில், அது பாயும் வயல் குன்றநாட்டில். வேம்பி என்கிற விதவையின் வீட்டில், கூடம் இந்த நாடு, அடுப்பங்கரை அந்த நாடு! எல்லையை அறிவித்துத் தாரை ஊதிய நேரத்தில் யார் எந்தப் பக்கம் நின்றார்களோ அவர்கள் அந்த நாட்டுக் குடிகள் என்று உத்தரவு. வேம்பி கூடத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறைமாதமாய் இருந்த மகள் பூவாயி அடுப்படியில் நின்றாள். அவ்வளவுதான், தாய் ஒரு நாடு, மகள் ஒரு நாடு. நடுவில் ஈட்டியோடு காவல்.

மகனைப் போரில் பறிகொடுத்த வேம்பிக்கு மிச்சம் அந்த ஒரு மகள்தான். ராத்திரியெல்லாம் அவள் முனகுவது காதில் விழும். எழுந்துபோய் இடுப்பைப் பிடித்துவிட முடியாது. சமாதானமாம் சமாதானம்!

எல்லைக்கல் நட ராசாக்கள் இருவரும் வந்தார்கள். வேம்பி விசயகண்டன் காலில் விழுந்தாள்.

"மகராசா, எம்மவளுக்கு இன்னைக்கோ நாளைக்கோங்கிற மாதிரி இருக்கு. மூணு அடிதான். நான் போகக் கூடாதா?"

நாகமையன் சிரித்தான். "ஒரு பிடி அரிசிகூடக் கோட்டைத் தாண்டக் கூடாது. உடன்படிக்கையை எழுதியவன் நான். அதில் குறை சொல்ல எவனும் பிறக்கவில்லை."

"நான் சொல்றேன் சாமி" என்றாள் வேம்பி. வாய் முந்திக்கொண்டது.

விசயகண்டனுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "பொழுது சாய்வதற்குள் ஒரு குறை காட்டு. காட்டினால் இந்த ஊரை விட்டே கோட்டை எடுக்கிறேன். இல்லையென்றால் உன் வீட்டுக்கு நடுவில் சுவர்தான்."

"ஆகட்டும் மகராசா. கல்லு நடுற வீட்டுல கை நனைக்கிறது நம்ம வழக்கமாச்சே. மொதல்ல சாப்பிடுங்க."

ராசாக்கள் மறுப்பார்களா? விசயகண்டனுக்குக் கூடத்தில் இலை விழுந்தது, சிங்கதேவனுக்கு அடுப்பங்கரையில். வேம்பி கூடத்தில் மூன்று கல்லைக் கூட்டிக் குழம்பு வைத்திருந்தாள். பூவாயி உள்ளே சோறு வடித்திருந்தாள்.

விசயகண்டன் இலையில் குழம்பு ஓடியது. "சோறு எங்கே?"

"அது குன்றநாட்டுச் சோறு மகராசா. பிடிச் சோறு தாண்டினாலும் குத்தமாம்."

உள்ளேயிருந்து சிங்கதேவன் கத்தினான். "வெறும் சோற்றை எப்படி அம்மா விழுங்குவது?"

"குழம்பு மேழிநாட்டுது சாமி" என்றாள் பூவாயி.

விசயகண்டன் ஆத்திரத்தோடு எழப் பார்த்தான். வேம்பி கைகூப்பினாள். "எந்திரிங்க மகராசா. ஆனா சாப்பிடாம எந்திரிச்சா மறுபடியும் சண்டைதானே? அனுப்ப எங்கிட்ட இன்னொரு மகன் இல்லீங்க."

பசி வயிற்றைக் கிள்ளியது. எழுந்தால் போர், சோற்றை எடுத்தால் உடன்படிக்கை போயிற்று. நாகமையன் உடன்படிக்கை ஓலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வியர்த்து வழிந்தான்.

"போதும்!" என்று கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே குரல் வந்தது. கோடு எடுபட்டது. சோறும் குழம்பும் சேர்ந்தன. விசயகண்டன் வயிறாரச் சாப்பிட்டு வேம்பிக்குப் பொன்வளையல் போட்டான். நாகமையனை எச்சில் இலை எடுக்க வைத்தான்.

இலையைச் சுருட்டியபடியே நாகமையன் கேட்டான். "அப்படியானால் கோட்டை எங்கே போடுவது மகாராஜா?"

"ஒரு விரற்கடை தள்ளிப் போடேன்" என்றான் ராசா, ஏப்பம் விட்டுக்கொண்டே.

அன்றைக்கே பூவாயிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாய் பக்கத்திலேயே இருந்தாள்.

பத்தாம் நாள் வேலங்குடியிலிருந்து ஒரு பெண்பிள்ளை ஓடிவந்தாள். துணியில் ஒரு விரற்கடை என்றால் தரையில் வேலங்குடி. "தாயி, என் மவ அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டா. நீ பண்ணின மாதிரியே நானும் பண்ணினேன்" என்று அழுதாள்.

வேம்பி மடியிலிருந்த குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். "ராசாக்களைச் சாப்பிடக் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன் தாயி. இந்தத் தடவை ரெண்டு பேரும் கட்டுச்சோறு கொண்டாந்திருந்தாங்க."