பார்க்காத சேனல்

முட்டாள்தனத்துக்குப் படிப்பு குறுக்கே நிற்கும் என்று நம்புகிறவர்கள், பூவனூர் மேலவீதியில் இருக்கும் சௌதாமினியின் வீட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். சௌதாமினி மகளிர் கல்லூரியில் தர்க்கவியல் பேராசிரியை. எதையும் அவசரப்படாமல், அளந்து, அலசி ஆராய்ந்துதான் முடிவு செய்வாள். அவள் செய்த தவறுகள் எல்லாமே அப்படி நிதானமாக யோசித்துச் செய்தவைதான்.

கணவர் பஞ்சநதம், கொழுந்தன் அருணகிரி, அவன் மனைவி கோமளம் ஆகியோர் அவளுடைய தர்க்கத்தின் நிழலில் பத்திரமாக வாழ்ந்துவந்தார்கள்.

அந்த வாரம் கோமளத்தின் கால் தரையில் பாவவில்லை. தாளிதம் என்ற சமையல் சேனலில் அவள் பிரண்டைத் துவையல் அரைத்த நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை மதியம் வரப்போகிறது. தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. அதுவரை வீட்டில் யாரும் அந்தச் சேனலைப் போடக் கூடாது என்பது அவள் போட்ட உத்தரவு. அதை முதன்முதலாகத் திறக்கும்போது தன் முகம்தான் தெரிய வேண்டுமாம்.

இந்த நேரம் பார்த்துக் கேபிள் கட்டணம் மறுபடியும் ஏறியது. வசூலுக்கு வந்த இருதயராஜிடம் பஞ்சநதம் புலம்ப, அவர் வாசலில் நின்றபடியே வழி சொன்னார்: "நீங்க பார்க்காத சேனல் எதெதுன்னு சொல்லுங்க சார். எடுத்துவிட்டுடறேன். பில்லு தானா குறைஞ்சுடும்."

அவர் போனதும் குடும்பம் கூடியது.

"பார்க்காத சேனல் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார் பஞ்சநதம்.

"உத்தேசமாச் சொல்லக் கூடாது. ஒவ்வொன்றையும் போட்டுப் பரிசோதிக்கணும்," என்றாள் சௌதாமினி.

சனிக்கிழமை காலை பரிசோதனை தொடங்கியது. முதலில் வந்தது ஒடியா மொழியில் ஒரு விவசாய நிகழ்ச்சி. ஒருவர் பூசணிக்கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு கலங்கிப்போய் நின்றார். நால்வரும் உன்னிப்பாகக் கவனித்தார்கள்.

"இதை நாம பார்க்கறதே இல்லையே, எடுத்துடலாம்," என்றார் பஞ்சநதம்.

"இப்ப பார்த்துக்கிட்டுதானே இருக்கோம், அண்ணே?" என்றான் அருணகிரி.

சௌதாமினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அருணகிரி சொல்வதை மறுக்க முடியாது. நேற்றுவரை இது பார்க்காத சேனல். இந்த நிமிஷத்திலிருந்து பார்த்த சேனல். இருதயராஜிடம் பொய் சொல்லக் கூடாது."

"அதுவும் போக, அந்தப் பூசணி பிழைக்குதான்னு தெரிஞ்சாகணும் அண்ணி," என்றான் அருணகிரி. அதற்குள் அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

அடுத்தது மல்யுத்தம். அதையும் பார்த்துவிட்டார்கள். பிறகு வைர நகை விற்பனை, குழந்தைகளுக்கான பொம்மைப் படம், குஜராத்தி பஜனை எல்லாம் வந்தன. ஒவ்வொன்றும் பரிசோதிக்கப்பட்ட மாத்திரத்தில் தகுதியிழந்தது.

பஞ்சநதம் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு முயன்று பார்த்தார். "இப்ப நான் பார்க்கலை. இந்தச் சேனலை எழுதிக்கோ."

"எந்தச் சேனல்ங்க?" என்றாள் சௌதாமினி.

"பார்த்தாத்தானே தெரியும்!" என்று சொல்லித் துண்டை அவிழ்த்துப் பார்த்தார். அதுவும் போயிற்று.

தாளிதத்தின் முறை வந்தபோது கோமளம் பாய்ந்து சென்று, முந்தானையை விரித்துத் திரையை மறைத்தாள். "இதை மட்டும் போடாதீங்க! நாளைக்குத்தான்!"

அதை மட்டும் தாண்டி, மற்றவற்றை எல்லாம் பார்த்து முடித்தார்கள். சாயங்காலம் சௌதாமினி முடிவை அறிவித்தாள்: "இந்த வீட்டில் ஒருவரும் ஒருமுறைகூடப் பார்க்காத சேனல் ஒன்றே ஒன்றுதான். தாளிதம்."

கோமளம் அலறினாள். "அக்கா! நான் நாளைக்குப் பார்க்கப் போறேனே!"

"பார்க்கப்போகிற சேனலை அவர் கேட்கலை கோமளம். பார்க்காத சேனலைத்தான் கேட்டார்."

"என்னங்க, நீங்களாவது சொல்லுங்களேன்!"

அருணகிரி மோவாயைத் தடவினான். "எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அண்ணி சொல்றதுல ஓட்டை எங்கேன்னு தெரியலையே."

கோமளமும் ஓட்டையைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு சம்மதித்தாள்.

தொலைபேசியில் இருதயராஜ் திகைத்தார். "அது இலவசச் சேனல்மா. அதை எடுத்தா ஒரு பைசா குறையாது."

"குறைப்பது உங்கள் பொறுப்பு. பார்க்காததைச் சொல்வது எங்கள் பொறுப்பு. சொல்லிவிட்டோம்."

அவர் பெருமூச்சு விட்டு எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோமளத்தின் அழுகையைத் தாங்க முடியாமல் எல்லோரும் எதிர்வீட்டுக்குப் போனார்கள். மாவு மில் ஜோதிலிங்கம் வீட்டில் தெருவே கூடியிருந்தது. தாளிதம் ஓடிக்கொண்டிருந்தது. கோமளம் ஆசையாக நிமிர்ந்தபோது, சௌதாமினி அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"பார்த்துடாதே! நாம் பார்க்காத சேனல் என்று வாக்குக் கொடுத்திருக்கோம். இங்கே பார்த்தாலும் பார்த்ததுதான்."

நால்வரும் திரைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பின்னால் கோமளத்தின் குரல் கேட்டது: "முதல்ல பிரண்டையை நார் உரிச்சுக்கணும்..."

"அக்கா, நான் நல்லா இருக்கேனா?" என்று கேட்டாள் முன்னால் இருந்த கோமளம்.

"தெரியலையே. குரலை வைத்துப் பார்த்தால் லட்சணமாகத்தான் இருப்பாய்."

ஜோதிலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "டீச்சரம்மா, டிவி இந்தப் பக்கம் இருக்கு."

சௌதாமினி பொறுமையாக, ஒரு படிகூட விடாமல், எல்லாவற்றையும் விளக்கினாள். ஜோதிலிங்கம் விரல்விட்டுக் கணக்குப் போட்டார்.

"அப்படின்னா நாங்களும் இதைப் பார்க்காம இருந்தா, எங்க பில்லும் குறையுமா?"

"குறைக்க வேண்டிய பொறுப்பு இருதயராஜுக்கு வந்துவிடும்."

"அடடா! இத்தனை நேரம் வீணாப் பார்த்துட்டேனே!" என்று பதறி அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். அவர் மனைவி திரும்பினாள். தையல்கடைக்காரர் திரும்பினார். கடைசி வரிசையில் இருந்தவர்கள், முன்னால் இருப்பவர்கள் தங்களையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு கூசிப்போய், அவர்களும் திரும்பிக்கொண்டார்கள்.

தாளிப்பு வெடிக்கும் ஓசையோடு நிகழ்ச்சி முடிந்தது. தெருவே சுவரைப் பார்த்துக் கைதட்டியது. கோமளம் பூரித்து எழுந்து, அந்தச் சுவருக்கு இரு கைகளையும் கூப்பி வணக்கம் சொன்னாள்.