தண்ணீர் எடுக்கப் போனவர்

ஆண்டவரை ஒரே ஒரு தடவை உணர்ந்துவிட வேண்டும். சத்தியநேசனுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை கிடையாது.

கோயிலில் சாட்சி சொல்ல எழும்புகிறவர்களைப் பார்த்தாலே அவருக்கு வயிறு எரியும். நேற்று கர்த்தர் என்னோடு பேசினார் என்பார் ஒருவர். என் தோளைத் தொட்டார் என்பார் இன்னொருவர். இவரிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை. மின்வாரிய வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்த இந்த மூன்று வருஷமும் காலை நாலு மணிக்கே எழும்பி முழங்கால் போடுகிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாசம். வேதாகமத்தை நாலு முறை படித்து முடித்தாயிற்று. முழங்காலில் காய்ப்பு விழுந்ததுதான் மிச்சம்.

கடைசியில் கோயிலில் வேதம் போதிக்கிற ஆசீர் உபதேசியாரைப் பிடித்தார். உபதேசியார் இவரைவிட இருபது வயது சின்னவர். அதனால் என்ன? தாகம் எடுத்தவன் கிணறு வெட்டியது யார் என்றா விசாரிப்பான்? ஆறு மாதமாகச் சாயங்காலம் தவறாமல் போய், சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.

ஒரு நாள் அவருக்குப் பொறுக்கவில்லை. உடைந்துபோய் அழுதார்.

“ஐயா, எனக்கு அறுபத்தொரு வயசு ஆச்சு. இந்த ஏக்கத்தோடயே போய்ச் சேந்துருவேனோன்னு பயமா இருக்கு. எங்க தேடினா அவர் கிடைப்பார்? சொல்லுங்க.”

உபதேசியார் வேதாகமத்தை மூடிவைத்தார்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்க வீட்டுக்குச் சாப்பிட வாரேன், அண்ணாச்சி.”

இது என்ன பதில் என்று சத்தியநேசனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து இருவரும் வந்தார்கள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று நாற்காலி. சுவரில் ஒரு பலகை தொங்கியது. இந்த வீட்டில் சாப்பாட்டு வேளைக்கு விருந்தாளி கிறிஸ்து என்று எழுதியிருந்தது. அதன் கீழே இருந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. அது அவருக்கு. முப்பத்துநாலு வருஷமாகத் தினமும் துடைத்து வைக்கிறார்களாம்.

“யார் துடைப்பாங்க?” என்றார் உபதேசியார்.

“வீட்டுக்காரிதான்.”

வீட்டுக்காரி கிருபாவதி கறிக்குழம்பு கொண்டுவந்து வைத்தாள். ரசம் கொண்டுவந்தாள். அப்பளம் நொறுங்கிவிட்டது என்று வேறு பொரித்துக் கொண்டுவந்தாள். சத்தியநேசன் நீளமாக ஜெபம் பண்ணினார். சோறு ஆறிப்போகிற அளவுக்கு நீளம். பிறகு இருவரும் திருப்தியாகச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தார்கள்.

“மதினி சாப்பிடலையா?”

“அவ பொறவு சாப்பிடுவா.”

“எங்க வச்சு?”

“அடுக்களையிலதான். அவளுக்கு அதான் பழக்கம்.”

“பழக்கமா, பிரியமா?”

“நான் கேட்டதில்ல ஐயா.”

உபதேசியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “கொஞ்சம் தண்ணி வேணுமே” என்றார்.

“ஏளா கிருபா...” என்று சத்தியநேசன் குரல் எடுப்பதற்குள் உபதேசியார் கை காட்டி நிறுத்தினார்.

“அவங்களக் கூப்பிடாண்டாம். நீங்களே கொண்டாங்க.”

தண்ணீர்ப்பானை எந்த மூலையில் இருக்கிறது என்பதுகூடச் சத்தியநேசனுக்குத் தெரியாது. தம்ளரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அடுக்களை வாசலுக்குப் போனதும் நின்றுவிட்டார். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது.

கிருபாவதி கேஸ் சிலிண்டர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். வாசலுக்கு முதுகு காட்டி இருந்ததால் இவர் வந்ததைப் பார்க்கவில்லை. வேறு யாரும் அங்கே இல்லை.

“கறி எப்படி இருந்துச்சுன்னு இன்னைக்கும் ஒரு வார்த்த இல்ல, கேட்டீரா ஆண்டவரே? நீராவது சொல்லும். உப்பு கொஞ்சம் தூக்கலோ? ஆமா, தூக்கல்தான். போவட்டும்.”

ஒரு வாய் சாப்பிட்டாள்.

“அவுக கருக்கல்லயே எழும்பி உம்மத் தேடி அழுதாவ. எனக்குக் கேட்டுக்கிட்டேதான் இருக்கு. அப்படி என்ன உமக்குப் பிடிவாதம்? ஒரு நாளாவது அவுகளுக்குத் தட்டுப்படும். பாவமா இருக்கு ஆண்டவரே.”

மறுபடி ஒரு வாய்.

“எனக்கா? எனக்கு என்ன வேணும்? அவுக ஒரு நாளு இங்கன வந்து என்கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டா போதும். அதத்தான் கல்யாணமான வருஷத்துல இருந்து கேக்கேன். நீரும் சிரிச்சுக்கிட்டே இருக்கீரு.”

சத்தியநேசன் வெறும் தம்ளரோடு முன்னறைக்குத் திரும்பினார்.

“தண்ணி எங்க?”

“அவ பேசிக்கிட்டு இருக்கா ஐயா.”

“யாருகூட?”

சத்தியநேசன் தம்ளரைத் தரையில் வைத்தார்.

“அவர்கூட. பக்கத்து வீட்டு ஆளுகிட்டப் பேசுத மாதிரிப் பேசுதா. நான் மூணு வருஷமா முழங்கால் தேயக் கெஞ்சுதேன். அவ சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே பேசுதா.”

“என்ன கேக்காங்க?”

“எனக்காகக் கேக்கா. பொறவு...” முகத்தைத் துண்டால் துடைத்தார். “பொறவு, என்னையக் கேக்கா.”

உபதேசியார் எழுந்து செருப்பை மாட்டினார். சத்தியநேசன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போயிராதீங்க ஐயா. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. இப்ப நான் அடுக்களைக்குள்ள போய் உக்காந்தா, அங்க அவர் இருப்பாரா?”

“அது எனக்கு எப்படித் தெரியும், அண்ணாச்சி? மதினி இருப்பாங்க.”