நாலாம் நம்பர் கேமரா

"நான் சொல்ற பக்கம் இது திரும்ப மாட்டேங்குது" என்றார் அமிர்தராஜ்.

"திரும்புங்ணா" என்றாள் ஜெரினா.

"எப்ப?"

அவள் மவுஸிலிருந்து அவர் கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

மூன்று விநாடி கழித்து, திரையில் இருந்த மலை நகரத் தொடங்கியது.

அமிர்தராஜுக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருஷம் ரயில் ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய எஞ்சின் ஒரு பெண் யானையை அடித்தது. அதன்பிறகு அவர் எஞ்சினில் ஏறவில்லை. மலையடிவாரத்தில் யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும் இடங்களைக் கேமராவில் கவனிக்கும் அறைக்கு, தானே எழுதிக் கேட்டு மாற்றல் வாங்கி வந்தார்.

ஜெரினாவுக்கு முப்பத்தொன்று. ஒப்பந்த ஊழியர். புதிதாக வருகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது அவள்தான். வந்த முதல் நாளே அமிர்தராஜ் அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். பாதி கேலி.

இரண்டாம் நாள் அவள் தண்டவாளத்தின் ஓரத்தில் இருந்த ஒரு கிலோமீட்டர் கல்லைக் காட்டினாள்.

"இதைத் திரைக்கு நடுவுல கொண்டாந்து நிறுத்துங்க."

அமிர்தராஜ் மவுஸை வலப்பக்கம் இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை இழுத்தார். மூன்றாவது முறை இழுக்கும்போது கேமரா கிளம்பியது. கல் திரைக்குள் வந்தது, நடுவைத் தாண்டியது, மறுபக்கமாக வெளியே போனது. பதறி இடப்பக்கம் இழுத்தார். அந்தப் பக்கமும் அது நிற்காமல் ஓடியது.

"தண்ணி போட்டிருக்கு உங்க கேமரா."

"ஊத்திக் குடுத்தது யாருங்ணா?"

"இருபத்து நாலு பெட்டியை பிளாட்பாரத்துல கோடு பார்த்து நிறுத்தினவன் டீச்சர் நான்."

"அந்த பிரேக் உங்க கைக்குக் கீழே இருந்துச்சு. இது நாலு கிலோமீட்டர் தள்ளி டவர் மேல இருக்குது. நீங்க சொல்றது அங்க போய்ச் சேரணும். அது திரும்பணும். படம் இங்க வரணும்."

"அதுவரைக்கும்?"

"சும்மா இருக்கணும்."

"அதுக்குள்ள யானை வந்துட்டா?"

ஜெரினா டீ கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஐந்தாம் நாள் மத்தியானத்திலிருந்து மழை.

நாலாம் நம்பர் டவருக்குக் கீழே தண்டவாளத்தை ஒட்டிப் பெரிய பாறைகள் உண்டு. நனைந்தால் யானை முதுகு மாதிரியே இருக்கும். போன வாரம் இரண்டு தடவை அந்தப் பாறைகளைப் பார்த்து ஜெரினா ரயிலை நிறுத்தச் சொல்லியிருந்தாள். அதிகாரியிடமிருந்து மெமோ வந்தது. இனி யானையைப் படத்தில் தெளிவாகப் பார்க்காமல் வண்டியை நிறுத்தினால் அவளுடைய ஒப்பந்தம் அன்றோடு முடியும்.

சாயங்காலம் ஐந்து இருபதுக்கு வயர்லெஸ்ஸில் வனக்காவலர் கூப்பிட்டார்.

"கூட்டம் ஒண்ணு கீழே இறங்குது. குட்டியும் இருக்குது. மழையில விட்டுட்டேன். எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியலை."

ஐந்து முப்பத்திரண்டுக்கு எக்ஸ்பிரஸ் அந்த இடத்தைக் கடக்கும். ஈரத் தண்டவாளம், இறக்கம். ஐந்து இருபத்தெட்டுக்குள் சொன்னால்தான் நிறுத்த முடியும். இதை அமிர்தராஜுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நாலாம் நம்பர் கேமரா அவரிடம் இருந்தது. மெல்லத் திருப்பினார். புதர், தண்டவாளம், தண்டவாளத்தின் ஓரத்தில் சாம்பல் நிறமாய் என்னவோ. கேமரா அதைத் தாண்டிப் போய்விட்டது.

"டீச்சர், ஒண்ணு பார்த்தேன்."

"யானையா?"

"தெரியலை. இரு, பிடிச்சுடறேன்."

பின்னால் இழுத்தார். படம் அசையவில்லை. மறுபடி இழுத்தார். மழையில் கேமராவுக்குப் போகும் சிக்னல் தாமதமாகிக்கொண்டிருந்தது. மூன்று விநாடி இப்போது பத்து விநாடி ஆகியிருந்தது. அவர் இழுத்துக்கொண்டே இருந்தார். இடம், வலம், கொஞ்சம் கீழே, மறுபடி இடம்.

"கையை எடுங்ணா."

"ஒரே ஒரு தடவை பார்த்துட்டாப் போதும். யானையா பாறையா, அவ்வளவுதான்."

"கையை எடுங்க."

கேமரா சுழல ஆரம்பித்தது. வானம், புதர், தண்டவாளம், புதர், வானம். எதுவும் ஒரு விநாடிக்கு மேல் நிற்கவில்லை.

"நீ பிடி, நீ பிடிச்சுக் காட்டு" என்று அமிர்தராஜ் கத்தினார்.

"நான் தொட்டும் பிரயோசனமில்லை. நீங்க சொன்னதையெல்லாம் அது வரிசையா செஞ்சு முடிக்கும். நான் சொல்றது அதுக்கெல்லாம் பின்னாலதான்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு நிமிஷம். நாலும் ஆகலாம்."

மணி ஐந்து இருபத்தேழு.

"இப்ப நான் என்ன செய்யறது?"

ஜெரினா அவருடைய கைக்குக் கீழேயிருந்து மவுஸை உருவினாள். கை குவிந்தபடியே இருந்தது. அதில் டெலிபோன் ரிசீவரை வைத்தாள்.

"படம் இல்லையேம்மா."

அவள் டெலிபோனை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"பாறையா இருந்தா உன் வேலை போயிரும்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அமிர்தராஜ் ரயில் கண்ட்ரோல் ரூம் நம்பரை அழுத்தினார். வண்டியின் பெயரையும் கிலோமீட்டரையும் சொன்னார். "நிறுத்துங்க" என்றார்.

"யானையா சார்?" என்று கேட்டார்கள்.

"நிறுத்துங்க."

மவுஸை யாரும் தொடவில்லை. ஆனாலும் கேமரா ஆடிக்கொண்டே இருந்தது. அவர் இழுத்த ஒவ்வொரு இழுப்பையும் ஒன்று விடாமல் செய்தது. இடம், வலம், கொஞ்சம் கீழே, மறுபடி இடம். அமிர்தராஜ் அதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து முப்பத்தொன்றுக்கு அது நின்றது.

படத்தில் மழை. தண்டவாளம். நனைந்த பாறைகள். தூரத்து வளைவில் எஞ்சினின் விளக்கு, நகராமல்.

யானை இல்லை.

வண்டி பதினான்கு நிமிஷம் நின்றது. எஞ்சினிலிருந்து இறங்கி வந்த உதவி டிரைவர் பாறைகள் வரை நடந்துபோய்ப் பார்த்தார். பச்சைக் கொடியை ஆட்டினார். வண்டி ஊர்ந்து கடந்தது.

டெலிபோன் மணி அடித்தது. ஜெரினா கை நீட்டினாள். அமிர்தராஜ் முந்திக்கொண்டார்.

"யாரு நிறுத்தச் சொன்னது, ஜெரினாவா?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார். அமிர்தராஜ்."

"அந்தப் பொண்ணு சொல்லித்தானே செஞ்சீங்க?"

"அவங்க நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லலை சார்."

"சரி, யானையைப் பார்த்தீங்களா?"

"இல்லை சார்."

"யானையே இல்லாத இடத்துல எதுக்குய்யா வண்டியை நிறுத்தினீங்க?"

அமிர்தராஜ் ஜெரினாவைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தச் சொன்னப்ப, இல்லைன்னும் நான் பார்க்கலையே சார்."