கறையான் தின்னாத உறை

மலையின் கிழக்குச் சரிவில், சுனையோரத்து இலுப்பை மரத்தடியில், வல்லாளன் என்னும் கரடி வாழ்ந்து வந்தது. தேனும் நெல்லிக்கனியும் கலந்து சாறு செய்வதில் அதற்கு இணை இல்லை. மேற்குச் சரிவோ வெறும் பாறை. கோடையில் அங்கே ஒரு துளி நீரும் நில்லாது. ஆகவே, கோடை தோறும் கரடியின் சாறு மேற்குச் சரிவின் உயிர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அந்தக் காட்டின் ஏற்பாடு. நெடுவால் என்னும் குரங்கும் அதன் தம்பிமாரும் மலைமுகடு தாண்டிச் சுமந்து செல்லும்.

சாற்றை மந்தாரை இலையில் பொதிவது வழக்கம். மந்தாரை நல்ல இலைதான். கனியைத் தாங்கும், சாற்றைத் தாங்காது. முகடு ஏறுவதற்குள் பாதிச் சாறு ஒழுகிப் பாதையில் கிடக்கும்.

ஒரு நாள் நெடுவால் வெறுங்கையோடு வந்து முறையிட்டது.

“வல்லாளரே! வழியெல்லாம் எறும்புகளுக்கு விருந்து நடக்கிறது. நேற்று ஓர் எறும்பு என்னை நிறுத்தி, ‘நாளைக்குத் தேன் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும், அண்ணா!’ என்கிறது!”

கரடி முகத்தைச் சுளித்தது.

“இன்னும் இருக்கிறது,” என்றது நெடுவால். “செம்பி என்னும் புள்ளிமான் மேற்குச் சரிவில் கன்று ஈன்று பத்து நாள் ஆகிறது. அது சொன்னதைச் சொல்கிறேன். நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. ‘என் கன்றுக்கு இன்னும் கால் ஊன்றவில்லை. சுனைவரை நடத்தி வர இயலாது. எனக்கோ பால் வற்றுகிறது. பாதிச் சாற்றை அனுப்பிவிட்டு முழுப்பெயரை வாங்க வேண்டாம் என்று உங்கள் கரடியிடம் சொல்!’”

வல்லாளன் தன் சாற்றைப் பற்றிப் பெருமை உடையது. அந்தச் சொல் அதைச் சுட்டது. உடனே சுனையோரம் கூடியிருந்த விலங்குகளிடம் அறிவித்தது:

“ஒழுகாத உறை செய்து தருபவர் யாரோ, அவருக்கு நாளும் ஒரு தேனடை!”

இருவர் முன்வந்தனர்.

முதலில் வந்தது வரியாள் என்னும் அணில். அது வெயிலில் காய்ந்த பாறைமேல் தேன்மெழுகை உருக்கி, இரண்டு மந்தாரை இலைகளுக்கு நடுவே பூசி ஒட்டியிருந்தது. கரடி அதை மடித்துச் சாற்றை ஊற்றிற்று. மடிப்பில் மெழுகு வெடித்தது. சாறு கரடியின் வயிற்றில் வழிந்து ஓடியது.

“தங்காய், இது உறையா, சல்லடையா?” என்று கேட்டுச் சிரித்தது இன்சொல்லன் என்னும் நரி.

“இன்னும் முடியவில்லை,” என்றது வரியாள். “விரித்தால் தாங்குகிறது; வளைத்தால் வெடிக்கிறது. வெடிக்காத வழியைத் தேடுவேன்.”

“தேடு, தேடு! அதற்குள் கோடை முடிந்துவிடும்,” என்ற நரி, தன் பங்குக்கு ஒரு பையை எடுத்து நீட்டியது. அது மினுமினுத்தது. மலையடிவாரப் பாதையில் மனிதர் தின்பண்டம் தின்றுவிட்டு எறிந்தது. நரி அதில் நீரை நிரப்பி, வாயைக் கொடியால் கட்டி, கிளையில் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டியது. ஒரு துளியும் சிந்தவில்லை.

“ஆகா!” என்று எல்லாம் ஆர்ப்பரித்தன.

“புற்றுச் சோதனை?” என்று கேட்டது வரியாள்.

ஆர்ப்பரிப்பு அடங்கியது. அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. வெளியிலிருந்து எது வந்தாலும், புதிதாக எதைச் செய்தாலும், அதை ஏழு நாள் கறையான் புற்றில் வைக்க வேண்டும். கறையான் தின்று தீர்த்தால் அது காட்டில் தங்கலாம். தின்னாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும்.

“சோதனைக்கு அஞ்சுபவனா நான்?” என்றது நரி. “நாளைக் காலையில் கொண்டு வருகிறேன்.”

மறுநாள் நரி கொண்டு வந்த பை பச்சையாக இருந்தது. நரி மரப்பிசினைத் தடவிப் பையின் மேல் முழுதும் இளந்தழைகளை ஒட்டியிருந்தது.

“நேற்று மினுமினுத்ததே?” என்றது கரடி.

“நேற்று மினுமினுத்தது, இன்று தளிர்த்திருக்கிறது! பச்சையைப் பாருங்கள், வல்லாளரே. மோந்து பாருங்கள். காட்டின் மணம் வருகிறதா, இல்லையா?”

கரடி மோந்தது. இளந்தழை மணந்தது. அதற்குமேல் அது ஒன்றும் கேட்கவில்லை.

வரியாளும் அன்று வந்தது. முந்தைய பகல் முழுதும் இலுப்பை விதையை இடித்து எண்ணெய் எடுத்து, மெழுகோடு சேர்த்து உருக்கிப் பூசியிருந்தது. இப்போது மடித்தாலும் மெழுகு வெடிக்கவில்லை. இரண்டு உறைகளும் புற்றின் வாயில் வைக்கப்பட்டன.

புற்றரசி தலையை மட்டும் நீட்டியது. “ஏழு நாள்,” என்றது.

“கன்று ஏழு நாள் தாங்காது!” என்றது கரடி.

“அவசரம் உன்னுடையது. பசி எங்களுடையது. ஒன்றுக்காக மற்றொன்றை முடுக்க முடியாது.”

மறுநாள் நண்பகலே கரடி மீண்டும் புற்றுக்கு வந்தது. நரியின் பைமேல் இருந்த தழையில் பாதி மறைந்திருந்தது.

“தின்கிறீர்களா?” என்று கரடி ஆவலோடு கேட்டது.

“தின்கிறோம்.”

“நன்றாக இருக்கிறதா?”

“தழை நன்று. ஆனால்…”

“போதும்!” என்று கரடி கூவிக்கொண்டே ஓடியது. பாதியைத் தின்றவர் மீதியையும் தின்பார் என்பது அதன் கணக்கு.

சுனையோரம் வரியாள் குறுக்கே வந்து நின்றது. “சட்டம் ஏழு நாள் என்கிறது. அதுவரை பழைய இலையிலேயே இரண்டு நடை அனுப்பலாமே. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பாதியும் பாதியும் சேர்ந்தால் முழுதாகும், கன்றும் பிழைக்கும்.”

கரடி நெடுவாலைப் பார்த்தது. நெடுவால் வானத்தைப் பார்த்தது.

“என் முதுகை வைத்து அணில் அறம் செய்கிறது!” என்று அது முணுமுணுத்தது.

“புதுமை வந்த பிறகு இரட்டை நடை எதற்கு?” என்றது நரி.

கரடிக்கும் அதுவே எளிதாகத் தோன்றியது. நரி அடிவாரத்தில் பொறுக்கித் தழை ஒட்டிக் கொடுத்த பைகள், நாளுக்கு எட்டாக, ஐந்து நாளில் நாற்பது மேற்குச் சரிவுக்குப் போயின. ஒரு துளியும் சிந்தவில்லை. எறும்புகள் பாதையோரம் காத்திருந்து ஏமாந்தன. செம்பிக்குப் பால் ஊறியது. கன்று எழுந்து நின்றது; இரண்டு நாளில் துள்ளவும் தொடங்கியது. செம்பி நன்றி சொல்லி அனுப்பியது. கரடி அதை மூன்று முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டது.

நரியோ ஐந்து தேனடைகளைத் தின்று வயிற்றைத் தடவிக்கொண்டது. “தங்காய், உன் இலை இன்னும் புற்றில்தான் தூங்குகிறதா?” என்று வரியாளைக் கேலி செய்தது. வரியாள் அடுத்த இலையில் மெழுகு பூசிக்கொண்டிருந்தது.

மேற்குச் சரிவில் ஒரு பழக்கம் உண்டு. வெற்று இலைகளைப் பாறை இடுக்கில் எறிவார்கள். மழை வந்ததும் அவை மக்கி மண்ணாகும். அந்த மண்ணில் புல் முளைக்கும். பாறையில் கிடைக்கும் புல்லெல்லாம் அப்படி வந்ததே. செம்பியும் வெற்றுப் பைகளை இடுக்கில் எறிந்தது. தழை காய்ந்து உதிர்ந்தது. உள்ளிருந்த மினுக்கம் வெளிப்பட்டுக் காற்றில் சலசலத்தது. அதில் தேன் மணம் மிச்சம் இருந்தது.

ஏழாம் நாள் வந்தது. கரடி அதை மறந்துவிட்டது. வரியாள் மறக்கவில்லை, தனியே புற்றுக்குப் போயிற்று.

“உன்னுடையது தீர்ந்தது,” என்றது புற்றரசி. “மெழுகு தாடையில் ஒட்டியது. இலுப்பை எண்ணெய் கசந்தது. சுவையைப் பற்றி என்னைக் கேட்காதே. ஆனால் தின்று தீர்த்தோம். இடம் வெறுமை.”

“நரியுடையது?”

கறையான்கள் தழை நீங்கிய பையை வெளியே தள்ளின. மினுமினுப்பு அப்படியே இருந்தது. ஒரு பல் தடமும் இல்லை.

“மேல் தழை ஒன்றரை நாளில் முடிந்தது. அதன் பிறகு ஐந்தரை நாள் இதனோடு போராடினோம். எங்களில் மூவருக்குத் தாடை வலி.”

“கரடியிடம் ‘தின்கிறோம்’ என்றீர்களே?”

“தின்றதைச் சொன்னேன். தின்னாததைச் சொல்ல வாய் திறந்தேன். அது ஓடிவிட்டது.”

வரியாள் அந்தப் பையைப் பல்லால் கவ்வி இழுத்து வந்து கரடியின் முன் போட்டது. கரடி அதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெடுவால் முகட்டிலிருந்து பாய்ந்து வந்தது. தோளில் சுமை இல்லை.

“கன்று விழுந்துவிட்டது! பையைத் தின்றுவிட்டது!”

கரடி ஓடியது. வரியாள் அதன் முதுகில் தொற்றிக்கொண்டது. எல்லாரும் தன்னையே பார்த்ததால் நரியும் பின்னால் ஓடியது.

பாறை நிழலில் கன்று கழுத்தை நீட்டிக் கிடந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கடைவாயில் விரல் நீளத்துக்கு ஒரு நுனி மினுங்கியது. செம்பி அருகில் நின்றது. அது குரலை உயர்த்தவில்லை.

“கொண்டு வந்தவர்கள் நீங்கள். எடுத்துப் போங்கள்.”

கரடி கையை நீட்டியது. தன் நகங்களைப் பார்த்து மடக்கிக்கொண்டது. “என் பல் கூரியது, நான் வேண்டுமானால்…” என்று நரி தொடங்கியது. செம்பி திரும்பிப் பார்த்தது. நரி பின்வாங்கியது.

நெடுவால் மண்டியிட்டு அமர்ந்தது. அதன் விரல்கள் நீண்டவை; மெல்லியவை. ஆனால் அது அவசரமாக இழுக்கப் போயிற்று.

“பதறாதே,” என்றது வரியாள். “கன்று மூச்சை விடும்போது இழு. எடுக்கும்போது நிறுத்து. விடுகிறது, இழு! எடுக்கிறது, நிறுத்து!”

நுனி சிறிது வந்தது. மேலும் சிறிது வந்தது. ஒரு முழ நீளத்துக்கு அது வெளியே வந்து பாறையில் விழுந்தது. இவ்வளவு நேரம் தொண்டையில் கிடந்தும் அதன் மினுக்கம் மங்கவில்லை. கன்று இருமியது. மீண்டும் இருமியது. பிறகு தலையைத் தூக்கித் தாயின் மடியைத் தேடியது.

செம்பி கன்றை நக்கிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தது.

“ஒழுகிய உறை என் கன்றைத் தாகத்தில் விட்டது,” என்றது செம்பி. “ஒழுகாத உறை அதன் தொண்டையை அடைத்தது. ஏழு நாள் இரண்டு நடை நடந்திருந்தால் இரண்டும் நேர்ந்திராது என்று அணில் சொல்லியதாம். யாருக்குக் கால் வலித்தது?”

நெடுவால் தலையைக் குனிந்துகொண்டது.

“குரங்கைக் குறை சொல்லாதே,” என்றது கரடி. “நான் சொல்லியிருந்தால் அது முணுமுணுத்துக்கொண்டே நடந்திருக்கும். நான் சொல்லவில்லை.”

நரிக்கு இது பிடிக்கவில்லை. “ஒழுகாத உறை கேட்டீர்கள், கொடுத்தேன். ஒரு துளியாவது ஒழுகியதா? இல்லை! காலியான பிறகு அது எங்கே கிடந்தால் எனக்கென்ன?”

“உனக்குத்தான். எனக்கும்தான்,” என்றது கரடி. “தழை ஒட்டியவன் நீ. உரித்துப் பாராதவன் நான். இருவரும் பொறுக்குவோம். ஒன்று விடாமல் அடிவாரத்துக்கே சுமந்துபோய், மனிதர் குப்பை சேர்க்கும் தொட்டியில் போடுவோம்.”

அன்றே பொறுக்கத் தொடங்கினார்கள். நரி முக்கி முனகியது.

“வெற்றுப் பைகளா இவ்வளவு கனம்?”

“ஐந்து தேனடையையும் சேர்த்துச் சுமக்கிறாய், அண்ணா!” என்றது நெடுவால்.

அன்று முதல் சாறு வரியாளின் உறையில் போயிற்று. முதல் நாள் பத்தில் ஒன்று கசிந்தது. வரியாள் மடிப்பை மாற்றியது. உச்சி வெயிலில் மெழுகு இளகியது. நனைத்த பாசியை மேலே போர்த்தியது. மூன்றாம் நாள் ஒன்றும் கசியவில்லை. அந்த மூன்று நாளும் நெடுவால் இரண்டு நடை நடந்தது, யாரும் சொல்லவில்லை.

நாற்பது பைகளில் முப்பத்தொன்பது கிடைத்தன. ஒன்று கிடைக்கவில்லை. கரடி ஒவ்வோர் இடுக்கிலும் மூக்கை நுழைத்துத் தேடியது. மழை வந்தது. மேற்குச் சரிவில் இலைகள் மக்கிப் புல் முளைத்தது. கன்று அதை மேயும்போதெல்லாம் செம்பி முன்னே சென்று புல்லை முகர்ந்து பார்த்த பின்னரே விலகி வழிவிட்டது.

ஒரு நாள் கரடி புற்றருகே வந்து அமர்ந்தது.

“அந்த ஒன்று எங்கேனும் மண்ணுக்குள் புதைந்திருக்கும். இவ்வளவு மழைக்கு இதற்குள் மக்கியிருக்காதா?” என்று கேட்டது.

“என் மகளின் மகளைக் கேள்,” என்றது புற்றரசி. “அவள் தன் மகளின் மகளைக் கேட்கச் சொல்வாள்.”

இம்முறை கரடி முழுப் பதிலையும் கேட்டது. பிறகு எழுந்து, அந்த ஒன்றைத் தேடி மீண்டும் மேற்குச் சரிவை நோக்கி நடந்தது.

உள்ளிருப்பது சிந்தாமல் சேர்ந்தால் போதும் என்று எண்ணி, காலியான உறை எங்கே போய்ச் சேரும் என்று முன்னமே கேளாதவர், தாம் ஊட்டிய உயிருக்குத் தாமே கேடு செய்வர்.