கயிற்றுக் காணிக்கை

கடல் இப்போது இருக்கிற இடத்துக்கு வெகு தூரம் கிழக்கே தள்ளி நின்றுகொண்டிருந்த காலத்தில், தாழைமுனை என்றொரு மீனவர் குப்பம் இருந்தது. அந்தக் குப்பத்தில் யாரும் கூரையைக் கட்டுவதில்லை.

மற்ற ஊர்க்காரர்கள் ஐப்பசி பிறந்ததும் கூரைக்குக் குறுக்கே கயிறு போட்டு, நாலு மூலையிலும் முளையடித்து இழுத்துக் கட்டுவார்கள். தாழைமுனைக்காரர்கள் அதே ஐப்பசியில் புதுக்கயிறு திரித்து, மஞ்சள் தடவி, மேளத்தோடு எடுத்துப்போய் அம்மையின் குடிசை வாசலில் வைத்துக் கும்பிடுவார்கள். அதற்குக் கயிற்றுக் காணிக்கை என்று பெயர். ஒரு வருஷம் யாரோ ஒருவன் பயந்துபோய்க் கூரையைக் கட்டிவிட்டான். அவன் வீட்டில் பெண் எடுக்க ஆள் வரவில்லை. அம்மை காவல் இருக்கும்போது இவனுக்கு என்ன சந்தேகம் என்று ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அம்மைக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். எங்கிருந்தோ வந்து புன்னை மரத்தடியில் குடிசை போட்டு உட்கார்ந்தவர். அதிகம் பேசமாட்டார். அவருக்கு இருந்த ஒரே சீடர் தாண்டவர். அக்கரைக்கெல்லாம் தோணி ஓட்டி, அலுத்துப்போய்க் கரை சேர்ந்த மனிதர். குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூடுதல். அதைப் பற்றி இரண்டு பேருமே கவலைப்பட்டதில்லை.

காணிக்கை வந்த கதை இதுதான். வெகு வருஷத்துக்கு முன் ஒரு புயல் தாழைமுனையைப் பார்த்து வந்தது. ஊர் அலறிக்கொண்டு ஓடியது. கட்டுமரத்தை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த தாண்டவர், அம்மை கடலைப் பார்த்து அசையாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். கொஞ்ச நேரத்தில் காற்று வடக்கே திரும்பிவிட்டது. கண்டதைத் தாண்டவர் சொன்னார். அந்தப் பேச்சு பத்தாவது வீட்டுக்குப் போவதற்குள் அம்மை கையை உயர்த்தியிருந்தார். அடுத்த ஊருக்குப் போவதற்குள் கடல் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருந்தது. வடக்கே திரும்பிய புயல் அங்கே ஒரு குப்பத்தையே வழித்துக்கொண்டு போயிற்று. அதைக் கதையில் சேர்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் தாண்டவர் கேட்டார்.

"அம்மை, அன்னைக்குக் காத்தைத் திருப்பினது நீங்கதானே?"

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்."

"காய்ச்சலா?"

"எழுந்து ஓட முடியலை. உட்கார்ந்துட்டேன்."

தாண்டவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டு இவ்வளவு அடக்கமா என்று நெஞ்சு உருகிப் போனார். அதையும் ஊரில் போய்ச் சொன்னார். அந்த வருஷம் காணிக்கை இரண்டு மடங்காக வந்தது.

கயிறு வந்து குவியும்போதெல்லாம் அம்மை ஒன்றையே சொல்வார்.

"எடுத்துட்டுப் போய்க் கூரையைக் கட்டுங்க."

அம்மை நம்மைச் சோதிக்கிறார் என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். கயிறு குடிசைக்குப் பின்னால் கிடந்து மக்கிப் போகும்.

ஒரு வருஷம் கார்த்திகையில் ஒரு காலை, காற்று அடியோடு நின்றுவிட்டது. இலை அசையவில்லை. ஆனால் கடலில் மட்டும் நீளமான, மெதுவான அலைகள் எங்கேயோ தொலைவிலிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருந்தன. கிழக்கே வானம் செம்பு நிறத்தில் கிடந்தது. நண்டுகள் வளையை விட்டு மேட்டுப் பக்கம் ஊர்ந்தன. தாண்டவர் அந்த அலையை நின்று பார்த்தார். தோணியில் இருந்த நாளில் ஒரே ஒரு தடவை அப்படிப்பட்ட அலையைப் பார்த்திருக்கிறார். அந்தப் பயணத்தில் கூட வந்தவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை.

அம்மை வீடு வீடாகப் போனார். "புயல் வருது. மேற்கே கல்மண்டபத்துக்குப் போயிடுங்க" என்றார்.

"நீங்கதான் இருக்கீங்களே அம்மை" என்று சொல்லி, இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினார்கள்.

தாண்டவர் தன் மகள் கனகத்தின் வீட்டுக்கு ஓடினார். அலைக்கு மிகப் பக்கத்தில் இருந்த வீடு அது. கனகம் பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகவில்லை.

"பிள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பும்மா."

"எங்கப்பா?"

"மண்டபத்துக்கு."

"அம்மை கிளம்பிட்டாங்களா?"

"இல்லை."

"அப்ப நான் மட்டும் எதுக்குக் கிளம்பணும்?" கனகம் தூளியை ஆட்டுவதை நிறுத்தவில்லை. "அவங்க உட்கார்ந்திருந்ததைப் பார்த்தது நீங்கதானேப்பா. சின்னப் பிள்ளையிலே அந்தக் கதையைக் கேட்டுத்தானே தூங்குவேன்."

தன் வாயிலிருந்து போன சொல் இப்போது தன் பேரப்பிள்ளையின் தூளிக்குக் காவலாக நின்று, தன்னையே உள்ளே விடாமல் தடுக்கிறதே என்று தாண்டவர் திகைத்தார். வந்த வழியே ஓடினார்.

"அம்மை, என் மக கிளம்பமாட்டேங்கிறா. ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொன்னேன். இளநீர் கொடுத்தா."

"நீங்க ஒண்ணும் திருப்பலைன்னு சொல்லுங்க."

"அதைத்தானே இத்தனை வருஷமா சொல்றேன்."

தாண்டவர் மணலில் உட்கார்ந்து அழுதார். அறுபது வயது மனிதர் அப்படி அழுது அம்மை பார்த்ததில்லை.

அம்மை எழுந்தார். தனக்கென்று இருந்த ஒரே செம்பை எடுத்துக்கொண்டார். மேற்கே பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

முதலில் ஒரு பெண் பார்த்தாள். பிறகு ஊர் பார்த்தது. அம்மை செம்போடு ஊரைத் தாண்டிப் போகிறார் என்றதும் அடுப்பில் வைத்ததை வைத்தபடி விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். ஊர்த் தலைவர் நாட்டார் பக்கிரி மூச்சிரைக்க ஓடி வந்து, பாதையின் குறுக்கே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"நாங்க என்ன தப்பு பண்ணினோம் அம்மை?"

"ஒண்ணுமில்லை."

"நீங்க போயிட்டா புயல் வந்துடும்."

அம்மை நின்றார். தாண்டவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேர் சொல்லியும் அம்மை ஒரு தடவைகூட ஒப்புக்கொள்ளாத பேச்சு அது.

"ஆமாம், வரும்" என்றார் அம்மை. நாட்டாரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

ஊர் கதிகலங்கிப் போயிற்று. கெஞ்சிக்கொண்டு சிலர், அழுதுகொண்டு சிலர், கோபத்தில் ஏசிக்கொண்டு சிலர், எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். நடக்க முடியாத கிழடுகளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அம்மை இல்லாத ஊரில் ஒரு நாழிகை இருக்கவும் ஒருவருக்கும் தைரியம் இல்லை. கனகம் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வந்து அம்மையின் சேலையைப் பிடித்தாள்.

"என் பிள்ளை முகத்தைப் பார்த்தாவது திரும்பி வாங்க அம்மை."

அம்மை குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா மூடிக்க. மழை வரும்" என்றார். நடையை நிறுத்தவில்லை.

கல்மண்டபம் பழையது. எந்த ராசா கட்டினானோ, தூண் ஒவ்வொன்றும் இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற பருமன். அவர்கள் படியேறவும் முதல் மழை விழவும் சரியாக இருந்தது. உச்சிப்பொழுதிலேயே இருட்டிவிட்டது.

பிறகு அது வந்தது.

தாண்டவர் நாற்பது வருஷம் காற்றோடு பிழைத்தவர். காற்றைத் தெரியும் என்று நினைத்திருந்தவர். இது அவருக்குத் தெரிந்த எதுவுமாக இல்லை. மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் பறந்தது. பனைமரங்கள் வேரோடு சாய்ந்த பிறகும் காற்று அவற்றை விடாமல் தரையோடு இழுத்துக்கொண்டு போயிற்று. பக்கத்தில் நின்று கத்துகிறவனின் வாய் அசைவதுதான் தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. தாண்டவர் தூணில் கையை வைத்தார். அந்தக் கல் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.

முதலில் பயம் வந்தது. பயம் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் அதுவும் காணாமல் போயிற்று. அவர் கைகள் தாமாகக் குவிந்தன. அம்மையை நோக்கி அல்ல, வெளியே. இதையா ஒரு மனுஷி உட்கார்ந்த இடத்திலிருந்து திருப்பினாள் என்று சொல்லித் திரிந்தோம், எப்படி அதற்கு நமக்கு வாய் வந்தது என்று நினைத்தார். அவருக்கு வெட்கம்கூட வரவில்லை. அவ்வளவு பெரியதின் முன்னால் வெட்கப்படுவதற்குக்கூட அவர் போதவில்லை.

திடீரென்று எல்லாம் நின்றது.

மேகம் விலகி வெயில் அடித்தது. தலைக்கு நேர் மேலே வட்டமாக நீல வானம். அதைச் சுற்றி நாலு பக்கமும் மேகம் வெள்ளைச் சுவராக எழும்பி நின்றது. கடற்பறவைகள் பறக்கத் தெம்பில்லாமல் மண்டபத்துப் படியிலேயே வந்து உட்கார்ந்தன, மனிதர்களைப் பார்த்து நகரவும் இல்லை. பெரியவர் சின்னவர் எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

நாட்டார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அம்மை திருப்பிட்டாங்க."

அவ்வளவுதான். ஊரே அம்மையின் காலில் விழுந்தது. விழுந்து எழுந்ததும் கட்டுமரம் என்ன ஆயிற்று, வலை என்ன ஆயிற்று என்று கிளம்பத் தயாரானது.

தாண்டவர் படியில் குறுக்கே நின்று கையை விரித்தார்.

"யாரும் போகாதீங்க. இது புயலோட கண்ணு. பாதிதான் அடிச்சிருக்கு. வடக்கேயிருந்து அடிச்சது இப்பத் தெக்கேயிருந்து அடிக்கும். வரும்போது கடலையும் கொண்டாரும்."

"அம்மையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நீங்க இப்படிப் பேசலாமா தாண்டவரே?"

"அவங்க எதையும் திருப்பலை நாட்டாரே. அன்னைக்கு அவங்களுக்குக் காய்ச்சல். எழுந்து ஓட முடியலை."

"அதான் தெரியுமே" என்று நாட்டார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எவ்வளவு அடக்கம்."

கனகம் தகப்பனின் கைக்கு அடியில் குனிந்து இரண்டு படி இறங்கிவிட்டாள். அவள் தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. தாண்டவர் திரும்பி அம்மையைப் பார்த்தார்.

அம்மை தூணில் சாய்ந்திருந்தார்.

"போறவங்க போங்க" என்றார். "நான் வரலை. உங்க ஊரை நான் விட்டுட்டேன். இனிமே அதுக்கும் எனக்கும் ஒண்ணும் கிடையாது."

இறங்கின கால்கள் நின்றன. கனகம் பிள்ளையைப் பார்த்தாள், கிழக்கே பார்த்தாள். இறங்கின இரண்டு படியையும் திரும்ப ஏறினாள்.

நாட்டாரின் முகம் சிவந்துவிட்டது.

"இதுக்கா இத்தனை வருஷம் கயிறு கொண்டாந்து கொட்டினோம்?"

ஊர் முழுக்க அம்மைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. ஆனால் உட்கார்ந்துகொண்டது.

கொஞ்ச நேரத்தில் தெற்கே மேகச் சுவர் கறுத்தது. காற்று எதிர்த்திசையிலிருந்து மண்டபத்தில் மோதியது. கிழக்கே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அது அலை என்று நினைத்தார்கள். அலையென்றால் உடைந்து திரும்பிப் போகும். இது திரும்பவில்லை. வயல் கடலாயிற்று, தோப்பு கடலாயிற்று, அவர்கள் நடந்து வந்த பாதை கடலாயிற்று. மண்டபத்தின் கடைசிப் படிவரை வந்து நின்று, அந்தப் படியை நனைத்தது. தண்ணீரில் கூரைகள் முழுசு முழுசாக மிதந்து போயின. அதில் தன் வீட்டுக் கூரையைக் கனகம் அடையாளம் கண்டுகொண்டாள். பிள்ளையைக் கையிலிருந்து கீழே விடவே இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகும் தாழைமுனை இருந்த இடத்திலிருந்து கடல் போகவில்லை. மண்டபத்துக்குப் பக்கத்து மேட்டிலேயே புது ஊர் எழும்பியது. அம்மையோடு யாரும் பேசுவதில்லை. இருந்திருந்தால் புயல் வந்திருக்காது, போய்க் கெடுத்தாள் என்பதுதான் ஊரின் பேச்சு. அம்மை ஊருக்கு வெளியே பாழ்ச்சத்திரத்தில் இருந்தார். தாண்டவர் மட்டும் போய் வந்தார்.

"அன்னைக்கு நீங்க பொய் சொல்லிட்டீங்க அம்மை."

"எது?"

"நீங்க போனா புயல் வரும்னு."

"போனேன். வந்துச்சு."

தாண்டவருக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை.

அடுத்த ஐப்பசி பிறந்தது. ஒரு மாலை தாண்டவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"ஊர்ல எல்லாரும் கூரையைக் கட்டுறாங்க அம்மை. என் மகளும் கட்டுறா."

"ம்."

"சும்மா கட்டலை. ஒவ்வொரு முடிச்சுக்கும் உங்க பேரைச் சொல்லி ஒரு ஏச்சு ஏசித்தான் இழுக்கிறாங்க. நாட்டார் ஆரம்பிச்சு வச்சார். இப்ப சின்னஞ்சிறுசுங்ககூட அதையே பாட்டா பாடுதுங்க."

அம்மை செம்பைக் கவிழ்த்து வைத்தார்.

"என்னால காது கொடுத்துக் கேட்க முடியலை. நான் போய் நடந்ததையெல்லாம் சொல்லிடறேன். நீங்க அன்னைக்கு எதுக்காகக் கிளம்பினீங்கன்னு சொல்லிடறேன்."

அவர் எழுந்தேவிட்டார். அம்மை கிழக்கே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாண்டவரே."

"சொல்லுங்க அம்மை."

"முடிச்சு நல்லா இறுகுதா?"