இலை அள்ளிய ஏரி

மலை உச்சிக்குச் சற்றுக் கீழே ஓர் ஏரி. அதன் கரையில் ஒரு சிறு மடம். மடத்தின் தலைவி மெய்யம்மைக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் சபாநாயகத்துக்கு அறுபத்திரண்டு. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையாவது ஒழுங்குபடுத்தாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஏரியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவரே கேட்டு வாங்கினார். சோலையிலிருந்து விழும் இலைகள் ஊறி ஊறி, அந்தத் தண்ணீர் எப்போதும் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். சபாநாயகம் ஓராண்டு முழுக்க வலை போட்டு இலைகளை அள்ளினார். ஓடை வந்து சேரும் இடத்தில் கம்பித் தட்டி கட்டினார். கரையில் பூஜைக்கென்று டாலியாத் தோட்டம் போட்டு, சாணமும் எலும்புத்தூளும் தாராளமாக இட்டார். தண்ணீர் தெளிந்தது. அடியில் கிடந்த கூழாங்கற்கள்கூடத் தெரிந்தன.

அடுத்த மழைக்குப் பிறகு ஏரி பச்சையானது. முதலில் கரையோரம், பிறகு நடுவரை, அரைத்த மருதாணி போல. நாற்றமும் வந்தது.

கீழூரில் நாற்பது வீட்டுக்கும் அதுதான் குடிநீர். அங்கிருந்து குருவம்மா காலிக் குடத்தோடு வந்து நின்றாள்.

"காய்ச்சிக் குடுத்தும் புள்ளைக்கு வயித்தால போவுது சாமி. ஓடையில சொட்டுச் சொட்டாத்தான் வருது, குடம் நெறையாது. காட்டாத்துக்குப் போய்வர ரெண்டு மணி நேரம் ஆவுது. எத்தினி நாளைக்கு நடக்குறது?"

சபாநாயகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. நேராக மெய்யம்மையிடம் போனார்.

"அம்மா, இருந்த அழுக்கையெல்லாம் எடுத்துட்டேன். அப்புறமும் ஏன் கெட்டுப்போச்சு?"

"ரெண்டு கண்ணாடி ஜாடி எடுத்துட்டு வாங்க."

இரண்டிலும் ஓடைத் தண்ணீரை ஊற்றி, ஏரிப் பச்சையில் ஒவ்வொரு சொட்டு விட்டார் மெய்யம்மை. தோட்டத்து உரம் ஒவ்வொரு சிட்டிகை போட்டார். ஒரு ஜாடியில் மட்டும் இலை ஊறிய சாற்றைச் சேர்த்தார். இரண்டையும் வெயில் படும் மதில்மேல் வைத்தார்.

"பன்னிரண்டு நாள் போகட்டும்."

"அதுவரைக்கும் கீழூர் என்ன செய்யும் அம்மா?"

"நீங்க காட்டாத்துல இருந்து தூக்கிக் கொடுங்க."

தூக்கினார். மூன்றாம் நாள் தோள் வீங்கியது. குருவம்மாவே பாவம் பார்த்துச் சும்மாடு சுற்றிக் கொடுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் சபாநாயகம் ஜாடிகளைப் பார்த்தார். சாறு விடாத ஜாடிக்குள் கையை விட்டால் விரல் தெரியாது, அவ்வளவு பச்சை. சாறு விட்டது பழைய பழுப்பாகவே இருந்தது.

"ரெண்டுக்கும் ஒரே உரம்தானே அம்மா?"

"தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ரெண்டு கூட்டம் இருக்கு. ஒண்ணு வெயிலை வச்சுப் பொழைக்கும். இந்தப் பச்சை அதுதான். இன்னொண்ணு இலைச்சாற்றைத் தின்னு பொழைக்கும். உரம் ரெண்டுக்கும் வேணும். சாறு இருந்தா இலைக்கூட்டம் முந்திக்கும். பழுப்புத் தண்ணியில வெயிலும் அவ்வளவா இறங்காது."

"நான் இலையை அள்ளினப்போ?"

"ஒரு கூட்டத்தைப் பட்டினி போட்டீங்க. மத்ததுக்குப் பந்தி வச்சீங்க."

சபாநாயகம் மண்வெட்டியை எடுத்தார். கிழங்கிலிருந்து அவரே வளர்த்த டாலியாக்கள். ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். உரம் ஊறிய மண்ணைக் கூடை கூடையாக மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டினார். கம்பித் தட்டியை அவிழ்த்தார். முடித்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் வந்து நின்றார். ஏரி இன்னும் பச்சையாகவே இருந்தது.

"இது எப்ப மாறும் அம்மா?"

"ரெண்டு மழைக்காலம் ஆகலாம்."

"அதுவரைக்கும் நான் தூக்குறேன்."

மெய்யம்மை தலையசைத்தார். சபாநாயகம் நகரவில்லை.

"இத்தனை வருஷம் அதிகாரியா இருந்தவன். அந்த இலைத் தண்ணியை எப்படி அழுக்குன்னு நெனச்சேன்?"

"அழுக்குன்னு யார் சொன்னாங்க?"

"மடத்துக்குக் கார்ல வர்றவங்க. எல்லாருமே சொன்னாங்க."

"கீழூர்க்காரங்க?"

"அவங்க ஒருநாளும் சொன்னதில்லை."

"கார்ல வந்தவங்கள்ல யாராவது அந்தத் தண்ணியைக் குடிச்சாங்களா?"

"ஒருத்தரும் இல்லை." சபாநாயகம் சும்மாட்டையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு காட்டாற்றுப் பக்கம் நடந்தார்.